இரண்டு விளக்கும் எரிந்தபடி நின்ற காலை

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேரும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே கட்டிப் பார்க்கும் சர்க்யூட் ஒன்று உண்டு. இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர், இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டு எல்இடி, ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு 470 ஓம். 9 வோல்ட் பேட்டரியை மாட்டியதும் எல்இடிகள் மாறி மாறி மின்னும். பாடப் புத்தகத்தில் அதற்கு அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் என்று பெயர், கடைத்தெருவில் ஃபிளாஷர். பிரெட்போர்டில் கம்பிகளைச் சரியாகச் சொருகினால் போதும், அநேகமாக ஏமாற்றாது.

அதே சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து சிமுலேஷன் ஓட்டினால் பல நேரம் ஒன்றும் நடக்காது. திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேர்கோடு. இரண்டு கலெக்டர்களும் பத்தில் ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். அப்படியென்றால் இரண்டு எல்இடியும் ஒருசேர எரிகின்றன, அணைவதே இல்லை என்று பொருள்.

கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்கு சிமுலேஷன் சொல்லிக்கொடுக்கும் பெண் பொறியாளர் ஒருவர் தன் வகுப்பை இந்த நேர்கோட்டிலிருந்துதான் தொடங்குவார். வந்தவுடன் எல்லோரையும் ஃபிளாஷரை வரையச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும்: “மேடம், சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுதுங்க.”

“தப்பாக் காட்டலை தம்பி. நீங்க கேட்ட கேள்விக்கு அது சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு. என்ன கேட்டீங்கன்னு இப்பப் பார்க்கலாம்” என்பார்.

அவருக்கு அந்தப் பொறுமை வந்த கதை, கணபதி பகுதியில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் நடந்தது. பட்டறை முதலாளிக்கு சாலிடரிங் அயர்ன் கையின் ஆறாவது விரல் போல. இன்வெர்ட்டர், பேட்டரி சார்ஜர், பம்புசெட் கட்டுப்பாட்டுப் பலகை என்று எது கேட்டாலும் கட்டித் தருவார். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் கோவைப் பட்டறைகள் பட்ட பாடு அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வருடம்தான் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையையும் அறிவித்தது. பம்பு கட்டும் ஊர் என்பதால் சோலார் பம்புக்குக் கட்டுப்பாட்டுப் பலகை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேட்டரி கிடையாது, வெயில் ஏறினால் பம்பு ஓடும், இறங்கினால் நிற்கும். அந்தப் பலகையின் மூலையில், பலகை உயிரோடு இருக்கிறது என்று விவசாயிக்குக் காட்டுவதற்காக, நம்முடைய அதே ஃபிளாஷர். பேனலின் மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைத்து அதற்குக் கொடுத்திருந்தார் முதலாளி.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். காலையில் தோட்டத்துக்குப் போனால் இரண்டு லைட்டும் எரிந்தபடி நிற்கிறது, மின்னுவதில்லை. மோட்டார் என்னவோ ஓடுகிறது. மதியம் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒழுங்காக மின்னுகிறது. இதுதான் புகார். பலகையைக் கழற்றி வரவழைத்து, மேசையில் வைத்து, சுவிட்சைப் போட்டார் முதலாளி. மின்னியது. அணைத்துப் போட்டார். மறுபடியும் மின்னியது.

“இங்க போட்டா கிண்ணுனு மின்னுதே, அம்மிணி. அங்க போனா என்ன வருது இதுக்கு?”

“கெப்பாசிட்டரை மாத்திப் பார்த்தீங்களாங்கண்ணா?”

“மாத்தியாச்சு. டிரான்சிஸ்டரையும் மாத்தியாச்சு.”

அன்று மாலை அந்தப் பெண் பொறியாளர் ஃபிளாஷரை எல்டிஸ்பைஸில் வரைந்தார். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கல்ஹார்ட் எழுதிய இலவச மென்பொருள் அது. 1999 முதல் வெளியில் புழங்குகிறது. ஓட்டினார். நேர்கோடு வந்தது. இந்த நேர்கோட்டைப் போக்குவதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: தொடக்கக் கணக்கைத் தவிர்க்கச் சொல்லும் யுஐசி என்ற குறிப்பைச் சேர்த்துவிடுவது. அதைத் தட்டப் போன கை நின்றுவிட்டது. திரையில் இரண்டு எல்இடியும் எரிந்துகொண்டிருந்தன, மின்னவில்லை. பல்லடத்துக்காரர் சொன்னதும் அதைத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, சிமுலேட்டர் வேலையை எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்று புழங்கும் பிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் எல்லாவற்றுக்கும் மூதாதை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸ். அங்கே 1969-70 கல்வியாண்டில் ரொனால்டு ரோரர் நடத்திய வகுப்பில் மாணவர்கள் சேர்ந்து ஒரு நிரல் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான லாரி நேகல், பிறகு டொனால்டு பீடர்சனின் வழிகாட்டுதலில் அதை ஸ்பைஸாக வளர்த்தார். 1973-ல் கனடாவின் வாட்டர்லூ நகரில் நடந்த கருத்தரங்கில் அது அறிமுகமானது. 1975-ல் ஸ்பைஸ் 2 வந்தது. நிரலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பதில் பீடர்சன் உறுதியாக இருந்தார். கணபதியில் ஒரு பட்டறையின் பழைய கம்ப்யூட்டர்வரை அது வந்து சேர்ந்ததற்கு அந்த உறுதியும் ஒரு காரணம்.

ஸ்பைஸ் வழியில் வந்த சிமுலேட்டரிடம், நேரம் போகப் போக என்ன நடக்கிறது என்று காட்டச் சொன்னால் அது உடனே நேரத்தை ஓட்டாது. முதலில் ஓய்வு நிலையைக் கண்டுபிடிக்கும். கெப்பாசிட்டர்களையெல்லாம் கழற்றிவிட்டதாகவும், காயில்களை வெறும் கம்பியாகவும் எண்ணிக்கொண்டு, எல்லா முனைகளிலும் என்ன வோல்ட் இருந்தால் கணக்கு நேராகும் என்று நியூட்டன்-ராப்சன் முறையில் திரும்பத் திரும்பத் திருத்தி ஒரு விடைக்கு வரும். அந்த விடைதான் பூஜ்ஜியமாவது நொடி. சப்ளை எப்போதோ வந்துவிட்டது, கெப்பாசிட்டர்கள் எப்போதோ நிறைந்துவிட்டன, எல்லாம் அடங்கி ஓய்ந்துவிட்டது என்ற நிலையிலிருந்துதான் திரையில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. சுவிட்சைப் போடும் நொடி அந்தக் கதையிலேயே இல்லை.

ஃபிளாஷருக்கு அப்படி ஓர் ஓய்வு நிலை உண்டு. பேஸ் ரெசிஸ்டர் வழியாக ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் சுமார் 0.18 மில்லிஆம்ப் போகிறது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் 200 என்று வைத்தால் 35 மில்லிஆம்ப் இழுக்க அது தயார். எல்இடி வழியில் கிடைப்பதோ 15 மில்லிஆம்ப்தான். ஆகவே இரண்டும் முழுசாகத் திறந்து செறிவு நிலையில் உட்கார்ந்துவிடுகின்றன. செறிவில் உட்கார்ந்த டிரான்சிஸ்டர் எதையும் பெருக்காது. ஒரு பக்கம் சின்னதாக ஆட்டிவிட்டாலும் அந்த ஆட்டம் மறுபக்கம் போய்ச் சேராது. கணக்கில் தற்செயலாக வந்த விடை இல்லை இது. சர்க்யூட்டுக்கு உள்ளபடியே இப்படி ஒரு நிலை இருக்கிறது.

மேசையில் சுவிட்சைப் போடும்போது நடப்பது வேறு. வெறுமையான கெப்பாசிட்டர்கள், ஒரே அடியில் வந்து விழும் 9 வோல்ட். காலியான கெப்பாசிட்டர் அந்த நொடிக்கு வெறும் கம்பி மாதிரி. அதனால் கலெக்டர்கள் பேஸ்களோடு சேர்ந்து 0.7 வோல்ட்டில் நிற்கும். டிரான்சிஸ்டர்கள் செறிவுக்குப் போகாமல், நன்றாகப் பெருக்கும் நிலையில் இருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. கொஞ்சம் முந்துகிற ஒன்று மற்றதை அணைத்துவிடும், ஆட்டம் தொடங்கிவிடும்.

தோட்டத்தில் சுவிட்சை யார் போடுகிறார்கள்? சூரியன் போடுகிறது. அதுவும் மெதுவாக.

பொறியாளர் திரையில் சப்ளையை மாற்றினார். 9 வோல்ட் பேட்டரி இருந்த இடத்தில், பூஜ்ஜியத்திலிருந்து சில நொடிகளில் சாய்வாக ஏறும் ஒரு மூலத்தை வைத்தார். ஓட்டினார், இரண்டும் எரிந்து நின்றன. ஏறும் நேரத்தை ஒரு மில்லிநொடியாகக் குறைத்து, ஒரு ரெசிஸ்டரை 47-லிருந்து 46 ஆக்கினார். மின்னத் தொடங்கியது. மெதுவான ஏற்றத்துக்குத் திரும்பினார், மறுபடியும் மாட்டிக்கொண்டது. அந்த முதல் இரண்டு வோல்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேராக நின்றது. பேஸ் 0.6 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்கிறது. எல்இடிக்கு மின்சாரம் போக ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். நடுவில் உள்ள நேரம் முழுக்க, கலெக்டர் பக்கம் எதுவுமே வராமல், டிரான்சிஸ்டர் இரண்டும் திறந்து கிடக்கின்றன. எல்இடிகளுக்கு மின்சாரம் வந்து சேரும்போது இரண்டுமே ஏற்கெனவே செறிவில். போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மறுநாள் காலை பட்டறையில் ரெகுலேட்டட் பவர் சப்ளையை எடுத்துப் பலகையின் 9 வோல்ட் வரும் இடத்தில் மாட்டினார். சுவிட்சைத் தொடவில்லை. வோல்டேஜ் திருகைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகச் சொன்னார். முதலாளி திருகினார். இரண்டு வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டு எல்இடியும் மங்கலாக ஒளிவிட்டன. மூன்று, ஐந்து, ஏழு. வெளிச்சம் கூடியதே தவிர எதுவும் அணையவில்லை. ஒன்பதிலும் அப்படியே.

“அட, இத்தனை நாளா நம்ம சுவிட்சைப் போட்டுப் போட்டுத்தான பார்த்துக்கிட்டு இருந்தோம்” என்றார் முதலாளி.

தீர்வு பழையது, பாடப் புத்தகங்களில் இருப்பது. பேஸ் ரெசிஸ்டர்களை சப்ளையிலிருந்து பிரித்து, இரண்டு கலெக்டர்களிலிருந்தும் ஆளுக்கொரு 1என் 4148 டையோடு வழியாக வரும் பொதுப் புள்ளியில் இணைப்பது. எப்போதும் ஒரு கலெக்டராவது மேலே இருக்கும்; அது பேஸ்களுக்குத் தீனி போடும். இரண்டும் ஒருசேரக் கீழே இறங்கினால் அந்தத் தீனியே நின்றுவிடும். டிரான்சிஸ்டர்கள் செறிவிலிருந்து தாமாக வெளியே வந்தாக வேண்டும். ஒட்டிக்கொள்ளும் நிலையே இல்லாமல் போகிறது. டையோடுகளைச் சேர்த்து, திருகை எவ்வளவு மெதுவாகத் திருகினாலும் மின்னுகிறதா என்று பார்த்த பிறகே பலகை பல்லடம் போனது.

யுஐசியைத் தட்டியிருந்தால் திரையில் அழகான அலை வந்திருக்கும்; பல்லடத்தில் காலை தோறும் இரண்டு லைட்டும் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். இதனால்தான் அவர் தன் வகுப்பில் யுஐசியைக் கடைசி வாரம்வரை சொல்லித் தருவதில்லை. இந்த விஷயத்தில் அவர் பிடிவாதம் நியாயமானது என்றே படுகிறது. அந்தக் குறிப்பு தொடக்கக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, நாம் மதிப்புச் சொல்லாத கெப்பாசிட்டரையெல்லாம் காலி என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒருபோதும் வராத ஒரு நிலையிலிருந்துகூட அது ஆட்டத்தைத் தொடங்கி வைத்துவிடும்.

எல்லா நேர்கோடும் ஃபிளாஷர் மாதிரி ஒட்டிக்கொண்ட நிலையைக் காட்டுவதில்லை. வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரின் கதை வேறு. 1939-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் வில்லியம் ஹியூலெட் ஒரு சின்ன பல்பை வைத்து அடக்கி ஆண்ட அதே சர்க்யூட். பெருக்கம் 3-ஐத் தாண்டினால் அது ஆடத் தொடங்கும். அதன் ஓய்வு நிலை, கத்தி முனையில் நிற்கிற மாதிரி நிலையற்றது; நூலளவு ஆட்டினாலும் கிளம்பிவிடும். நிஜ சர்க்யூட்டில் ஆட்டிவிட ஆள் எப்போதும் உண்டு: ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலே மைக்ரோவோல்ட் அளவில் இருக்கிறது. சாதாரண டிரான்சியன்ட் சிமுலேஷனில் அந்த இரைச்சல் கிடையாது. எல்லாம் துல்லியமாகச் சமன்பட்டு, எதுவும் அசையாது.

ஒரு மாணவர் 10 கிலோ ஓம், 10 நானோஃபாரட் போட்டு, சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டிய வீன் பிரிட்ஜைக் கட்டியிருந்தார். அலையின் வடிவம் கெடக் கூடாது என்று பெருக்கத்தை 3.01-ல் வைத்திருந்தார். பத்து மில்லிநொடிக்கு ஓட்டிப் பார்த்து, செத்துப்போச்சு என்று கையை விரித்தார். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார் ஆசிரியை. பெருக்கத்தில் 3-க்கு மேல் இருக்கும் உபரியை, ஆர்-ஐயும் சி-யையும் பெருக்கி வந்ததன் இரு மடங்கால் வகுத்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். இங்கே அலை 2.7 மடங்கு பெரிதாவதற்கு 20 மில்லிநொடி ஆகிறது. ஒரு மைக்ரோவோல்ட் ஒரு வோல்ட்டாக வளர வேண்டுமானால் கால் நொடிக்கு மேல் ஆகும். பத்து மில்லிநொடிக்குள் பிரசவம் முடியாது.

“அப்ப எவ்வளவு நேரம் ஓட்டணும் மேடம்?”

“ஓட்டறதுக்கு முன்னாடியே அதைப் பேப்பர்ல போட்டுப் பாருங்க கண்ணு. திரை சொல்றதை நம்பறதா வேண்டாமான்னு அப்பத்தான் தெரியும்.”

குவார்ட்ஸ் கிரிஸ்டலில் இது இன்னும் கடுமையாகும். கைக்கடிகாரத்தில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எடுத்துக்கொள்ளலாம். சிமுலேஷனில் அதை ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டருமாக எழுதுவார்கள். கெப்பாசிட்டர் 3 ஃபெம்டோஃபாரட் என்றால் காயில் ஏறக்குறைய 7,860 ஹென்றி வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள், சரியான மதிப்புதான். ரெசிஸ்டர் 40 கிலோ ஓம், தரக் காரணி 40,000. இவ்வளவு கனமான ஊஞ்சல் அசைந்து ஆடத் தொடங்க நிஜத்திலேயே ஒரு நொடி, இரண்டு நொடி ஆவது உண்டு. ஒரு நொடிக்குள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சுற்று. சுற்றுக்கு நூறு புள்ளி என்றாலும் முப்பது லட்சம் புள்ளி. ஆகவே காயிலில் கொஞ்சம் தொடக்க மின்னோட்டம் கொடுத்து, நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள். இங்கே அது தவறில்லை; அலை வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிரிஸ்டல் சர்க்யூட்டில் கிளம்பாமைக்கு வேறொரு காரணமும் அடிக்கடி வரும். அவர் பல மாணவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறார். கிரிஸ்டலோடு இணையாக இன்வெர்ட்டரின் குறுக்கே 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுவது வழக்கம். சர்க்யூட் படத்தில் எழுதிப் பழகியபடி 10 என்று எழுதிப் பக்கத்தில் எம் என்ற எழுத்தைப் போடுவார்கள். ஸ்பைஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. எம் என்றால் அதற்கு மில்லி. மெகா வேண்டுமானால் மெக் என்று மூன்றெழுத்தும் எழுத வேண்டும். ஆக, கோடி ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு. இன்வெர்ட்டரின் உள்வாயும் வெளிவாயும் ஒட்டிப்போகும். இதில் கண்ணை ஏமாற்றுவது என்னவென்றால், தொடக்க நிலையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சப்ளையில் பாதி வோல்ட், பாடத்தில் சொன்ன அதே இடம். எழுத்தைத் திருத்தும்வரை ஆட்டம் மட்டும் வராது. கெப்பாசிட்டரிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு: ஒரு ஃபாரட் என்று நினைத்து 1 போட்டு எஃப் எழுதினால் ஸ்பைஸ் அதை ஒரு ஃபெம்டோஃபாரட் என்று எடுத்துக்கொள்ளும். மதிப்பை எழுதிய பிறகு, அது எதை எடுத்துக்கொண்டது என்று பட்டியலில் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சிமுலேட்டர் நின்றுபோய்ப் பிழைச்செய்தி காட்டுவது, நேர்கோட்டைக் காட்டுவதைவிட நல்லது. எங்கே என்றாவது தெரியும். ‘சிங்குலர் மேட்ரிக்ஸ்’ என்று வந்தால், ஏதோ ஒரு முனை தரையோடு தொடர்பில்லாமல் தொங்குகிறது. இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு நடுவே மாட்டிய முனை, தரை இணைக்காத டிரான்ஸ்ஃபார்மர் சுருள் என்று தேடினால் கிடைத்துவிடும். அந்த முனையிலிருந்து தரைக்கு ஒரு கிகா ஓம் போட்டால் தீர்ந்தது. ‘டைம் ஸ்டெப் டூ ஸ்மால்’ என்று வந்தால், பூஜ்ஜிய நொடியில் தாவும் சப்ளையையும் தடையே இல்லாத சுவிட்சையும் முதலில் பார்க்க வேண்டும். துல்லியத்தைத் தளர்த்தும் குறிப்புகளை நாலாபுறமும் தூவிவிட்டு ஓடவைப்பவர்கள் நிறைய. அவர் அதை அனுமதிப்பதில்லை. தளர்த்திய கணக்கு சில ஆசிலேட்டர்களை ஓசையில்லாமல் கொன்றுவிடும்: கியர் என்ற கணக்கு முறை, புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுந்தால், நிஜத்தில் வளர வேண்டிய அலையைத் தேய்த்துவிடும். டிரப்பிசாய்டல் முறைக்கு மாறி, புள்ளிகளின் இடைவெளிக்கு ஒரு வரம்பு போட்டால் அது உயிர்பெறும்.

எஸ்எம்பிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் பவர் சப்ளைகளில்தான் தொடக்கம் பெரிய விஷயம். யுசி 3842 என்ற ஐசியை வைத்துக் கட்டிய சப்ளைகள் பழைய மானிட்டர்களிலும் அடாப்டர்களிலும் ஏராளம். அந்த ஐசி 16 வோல்ட் வந்தால்தான் விழிக்கும். 10-க்குக் கீழே இறங்கினால் தூங்கிவிடும். மின்சாரம் வந்ததும், 300 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக இரண்டு மில்லிஆம்ப் கசிந்து, ஒரு கெப்பாசிட்டரை நிரப்பும். 100 மைக்ரோஃபாரட் என்றால் 16 வோல்ட் ஏற முக்கால் நொடிக்கு மேல். விழித்த ஐசி சுமார் 15 மில்லிஆம்ப் தின்னும். ரெசிஸ்டர் தருவது அதற்குப் பற்றாது. டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுருள் தயாராகும்வரை கெப்பாசிட்டரில் உள்ளதுதான் சாப்பாடு. 16-லிருந்து 10-க்கு இறங்க 40 மில்லிநொடி இருக்கிறது. அதற்குள் வெளியீடு ஏறித் துணைச் சுருள் கைகொடுத்தால் பிழைத்தது. வெளியீட்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் நிறைய 30 மில்லிநொடி ஆகிறது என்றால் தப்பிவிடும். சூட்டில் வற்றி அந்த 100 மைக்ரோஃபாரட் 40 ஆகிப்போனால் கையில் இருப்பது 16 மில்லிநொடிதான். விழிக்கும், தூங்கும், மறுபடி நிரம்பும், விழிக்கும். ‘டிக்… டிக்… டிக்’ என்று சப்ளை அடிக்கும் சத்தத்தைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக்குகள் கேட்ட மாத்திரத்தில் அந்தச் சின்ன எலக்ட்ரோலைட்டிக்கைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிமுலேஷனில் முக்கால் நொடியை ஓட்ட நேரமாகும் என்று, கெப்பாசிட்டரில் ஏற்கெனவே 15 வோல்ட் இருப்பதாக எழுதித் தொடங்குவார்கள். அதுவரை சரி. சிலர் இன்னும் ஒரு படி போய், ஐசிக்கு வெளியிலிருந்து ஒரு தனி பேட்டரியை மாட்டிவிடுவார்கள். எல்லாம் அழகாக ஓடும். அலைகள் புத்தகத்தில் உள்ளதுபோல் வரும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அந்தப் படம் ஏறும். கட்டிய போர்டு டிக் டிக் என்று அடிக்கும். அந்தப் பேட்டரி மறைத்தது, சப்ளைக்கு இருந்த ஒரே ஆபத்தான 40 மில்லிநொடியை.

இதன் இன்னொரு முகத்தை, அவரிடம் படித்துப் பெங்களூருக்குச் சிப் வடிவமைப்பு வேலைக்குப் போன மாணவி ஒருவர் வழியாகக் கண்டார். சிப்புக்குள் 1.2 வோல்ட்டை அசையாமல் பிடித்துத் தரும் பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்ற பகுதி இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் பாப் விட்லரும் அவரையடுத்து பால் ப்ரோகாவும் செதுக்கித் தந்த யோசனை அது; இன்று அநேகமாக எல்லா அனலாக் சிப்பிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதன் பல வடிவங்களுக்கு இரண்டு ஓய்வு நிலைகள். ஒன்றில் 1.2 வோல்ட், மற்றதில் எல்லா மின்னோட்டமும் பூஜ்ஜியம். இரண்டுமே கணக்குக்குச் சரி. சிமுலேட்டர் தேடத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து நல்ல விடையில் போய் நின்றுவிடும். மேலும், கணக்கு தடுமாறாமல் இருக்க ஒவ்வொரு சந்தியிலும் தானாக ஒரு மிக நுண்ணிய கசிவை அது சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கசிவே பூஜ்ஜியத்தில் கிடக்கும் சர்க்யூட்டை எழுப்பிவிடுவதும் உண்டு. சிலிக்கானில் அந்த உதவி கிடையாது. திரையில் ஒரு தடவைகூடத் தவறாமல் எழுந்தது, கையில் வந்த சிப்பில் குளிரில் எழாமல் கிடக்கலாம். அதனால்தான் தட்டி எழுப்புவதற்கென்றே தனியாக ஒரு ஸ்டார்ட்அப் சர்க்யூட் வைக்கிறார்கள்.

ஒரு நாள் இரவு அந்தப் பெண் போன் செய்தார். “மேடம், ரெஃபரன்ஸ் எல்லா டெம்பரேச்சர்லயும் ஓகே காட்டுது. ஆனா இங்க சீனியர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு.”

“சப்ளையை எவ்வளவு வேகமா ஏத்துன?”

“ஏத்தலைங்க மேடம். முதல்லயே ஆன்ல இருக்கு.”

“அப்ப அது எழுந்திருச்சதை நீ பார்க்கவே இல்லையே, கண்ணு.”

அதன் பிறகு அந்தப் பெண் சப்ளையைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றி, மைக்ரோநொடியில் ஒன்று, மில்லிநொடியில் ஒன்று, நொடியில் ஒன்று என்று எல்லா வேகத்திலும், கொதிக்கிற சூட்டிலும் உறைகிற குளிரிலும் ஓட்டினார். மெதுவான ஏற்றத்தில், குளிரில், ஓரிடத்தில் அது எழவில்லை. ஸ்டார்ட்அப் டிரான்சிஸ்டரின் அளவைக் கூட்டினார்கள். சிப் அச்சுக்குப் போகும் முன்பே அது அகப்பட்டது.

பல்லடத்து ஃபிளாஷரும் பெங்களூரு ரெஃபரன்ஸும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாட்டிக்கொண்ட விதம் ஒன்றேதான்: சப்ளை வந்து சேரும் வழியை யாரும் சர்க்யூட்டின் பகுதியாக வரையவில்லை. எல்டிஸ்பைஸில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற ஒரு விருப்பம் இருக்கிறது. மூலங்களையெல்லாம் அணைத்து வைத்து, முதல் 20 மைக்ரோநொடியில் ஏற்றிவிடும். கைக்கு எளிது, முதல் பார்வைக்கு உதவும். ஆனால் 20 மைக்ரோநொடியில் விடியும் தோட்டம் எங்கும் கிடையாது. பேனலோ, வற்றிய பேட்டரியோ, நீண்ட வயரின் முனையில் மாட்டிய அடாப்டரோ, எது சப்ளை கொடுக்கப் போகிறதோ அதன் ஏற்றத்தை அளந்து வரைய வேண்டும்.

பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சிமுலேஷன் லேப் நடத்தும் ஆசிரியர்களிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கலாம். ஃபிளாஷர் திரையில் மின்னவில்லை என்று பிள்ளைகள் வந்து நின்றால், மின்ன வைக்கும் குறிப்பை உடனே சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அந்த நேர்கோட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தெந்த முனையில் எத்தனை வோல்ட் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சப்ளையை மெதுவாக ஏற்றி ஒரு படம், வேகமாக ஏற்றி ஒரு படம். லேபில் திருகு வைத்த பவர் சப்ளை ஒன்று இருந்தால், அதே சர்க்யூட்டை பிரெட்போர்டில் கட்டி, அவர்கள் கையாலேயே மெதுவாகத் திருகிப் பார்க்கட்டும். மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. என்ஜிஸ்பைஸும் எல்டிஸ்பைஸும் இலவசமாகவே கிடைக்கின்றன.